அடியைத் திருப்பிப் பாருங்கோ: அல்லைப்பிட்டிப் பீங்கான் ஓடுகள் சொல்லும் வரலாறு

யாழ்ப்பாணத்துக் குசினிக்குள்ள புழங்குகிற சில சொற்களை முதலில் எடுத்துப் பார்ப்பம். சோறு போட்டுச் சாப்பிடுற தட்டை நாங்கள் 'கோப்பை' எண்டு சொல்லுறம்; அது போர்த்துக்கேயம் தந்த சொல். 'பீங்கான்' பாரசீகத்திலிருந்து வந்தது. தேத்தண்ணிக்குப் போடுற 'சீனி' சீனாவின் பெயரைச் சுமக்குது. ஒரு நேரச் சாப்பாட்டுக்குள்ளேயே இவ்வளவு கடல் பயணம் இருக்கு. சொற்கள் இப்படி வந்து சேர்ந்தன என்றால், பாத்திரங்கள் எப்போது, எந்த வழியால் வந்தன?

பழைய சாடி, கிண்ணம், பீங்கான் சேர்க்கிற ஆர்வம் இப்ப எங்கட வயசுக்காரரிட்டயும் வந்திருக்கு. நல்ல விசயம்தான். ஆனா கேட்கப்படுகிற கேள்வி அநேகமாக இரண்டுதான்: "எத்தினை வருசம் பழசு?", "எவ்வளவுக்குப் போகும்?" மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கு: "இது எங்க கிடந்தது?" வரலாறு படிக்கிற எங்களுக்கு அதுதான் முதற்கேள்வி. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பாத்திரத்தை எப்படி வாசிப்பது?

ஒரு பழைய கிண்ணம் கையில் கிடைத்தால் முதலில் கவிழ்த்து அடியைப் பாருங்கோ. மேலே இருக்கிற பூவும் பறவையும் யாராலும் பார்த்து வரையக்கூடியவை. அடியில் இருக்கிற வளையம் எப்படிச் செதுக்கப்பட்டது, மெருகுப்பூச்சு எந்த இடத்தில் நிற்குது, பூச்சு படாத இடத்தில் மண் என்ன நிறம் என்பவை செய்தவரின் கைப்பழக்கத்தையும் சூளையையும் காட்டும்.

அடுத்தது பொருள். உண்மையான பீங்கான், கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணைக் கிட்டத்தட்ட 1300 பாகை செல்சியசில் சுட்டுச் செய்வது. மெல்லிய கிண்ணமாக இருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கேக்க ஒளி கசியும். விரலால் தட்டினால் மணிபோலக் கேட்கும். இந்த நுட்பம் ஐரோப்பியருக்கு நீண்டகாலம் பிடிபடவில்லை. ஜேர்மனியின் மைசன் தொழிற்சாலை 1710இல் தொடங்கிய பிறகுதான் அங்கே சீன வகைப் பீங்கான் ஒழுங்காக உற்பத்தியானது.

மூன்றாவது அலங்காரம். எங்களுக்கெல்லாம் பழக்கமான வெள்ளையில் நீலச் சித்திரம், சீனாவில் 14ஆம் நூற்றாண்டில்தான் பெரிய அளவில் செய்யப்படத் தொடங்கியது. அதற்கு முந்திய ஏற்றுமதிக் கிண்ணங்களில் பச்சை அல்லது வெள்ளைப் பூச்சும், கீறி எடுத்த கோடுகளும்தான் அதிகம். பாலமும் வில்லோ மரமும் இரண்டு பறவைகளும் உள்ள நீலத் தட்டைப் பார்த்து 'சைனா சாமான்' எண்டு சொல்லுவினம். அந்தக் கோலம் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் உருவானது. அச்சுத்தாளால் ஒற்றி எடுத்தது என்பதால், விளிம்புக் கோலத்தில் இரண்டு தாள்கள் சந்திக்கிற இடம் பொருந்தாமல் நிற்பதைச் சில தட்டுகளில் வெறுங்கண்ணாலேயே காணலாம்.

கடைசியாக முத்திரை. எல்லாரும் முதலில் தேடுவது இதைத்தான். ஆனா அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். காங்ஷி பேரரசர் காலத்துச் (1662–1722) சீனக் குயவர்கள், இருநூறு வருசத்துக்கு முந்திய செங்ஹுவா பேரரசரின் பெயரைத் தங்கள் பாத்திரங்களில் எழுதினார்கள். 19ஆம் நூற்றாண்டில் செய்தவர்கள் காங்ஷியின் பெயரை எழுதினார்கள். முன்னோர் வேலைக்குக் காட்டிய மரியாதையும் இதில் இருக்கு, வியாபாரமும் இருக்கு. ஆங்கில எழுத்தில் 'சைனா' என்று அடியில் இருந்தால், அது பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்கவேணும் எண்டு அமெரிக்கா 1890இல் போட்ட சட்டம்தான் காரணம்.

இவ்வளவையும் சரியாகப் பார்த்தால் செய்த காலமும் செய்த இடமும் தெரியவரும். அந்தப் பாத்திரம் எங்கட ஊருக்கு ஏன் வந்தது என்பதைப் பாத்திரம் தனியாகச் சொல்லாது. அதற்குத்தான் கண்டெடுத்த இடம் வேணும்.

உடைந்த ஓடுகள் சொன்ன கதை

யாழ் நகரிலிருந்து பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போகேக்க அல்லைப்பிட்டி வரும். 1977இல் அங்கே சீன ஓடுகள் வெளிப்பட்டன. தொல்லியலாளர் ஜோன் காஸ்வெல் அவற்றை ஆராய்ந்து, வட சொங் அரச காலத்துக்கு (960–1127) உரியவை எண்டு எழுதினார். 2018இல் ஷங்காய் நூதனசாலைக் குழு, மத்திய கலாசார நிதியத்துடன் சேர்ந்து அங்கே மீண்டும் அகழ்வு செய்தது. கிடைத்த ஓடுகள் 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தவை என்றும், அதிகமானவை தென்சீனச் சூளைகளில், குறிப்பாகக் குவாங்டொங் மாகாணத்தில் செய்யப்பட்டவை என்றும் கணிக்கப்பட்டது.

விலைக்கு வைத்தால் இந்த ஓடுகளை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டினம். ஆனா ஒரே இடத்தில், ஒரே காலத்துக்குரிய சீனப் பாத்திரங்கள் இவ்வளவு கிடைப்பது தற்செயல் இல்லை. யாழ்ப்பாணக் கடலுக்குச் சீனச் சரக்கு வந்திறங்கியது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேறென்ன?

சுற்றி நடந்தவற்றையும் சேர்த்துப் பார்ப்பம். சோழர் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சொங் அரசவைக்குத் தூது அனுப்பினார்கள். வட இலங்கை 1070 வரை அவர்கள் ஆட்சியில் இருந்தது. அல்லைப்பிட்டிக் கிண்ணங்கள் அந்தத் தூதுக் கப்பல்களில்தான் வந்தன என்று நாங்கள் முடிச்சுப் போடவில்லை. சீனாவுக்கும் தமிழர் கடலுக்கும் இடையில் போக்குவரத்துச் சூடாக இருந்த காலத்தில் அவை வந்தன என்பது மட்டும் தெளிவு.

இன்னொரு சான்று பக்கத்துத் தீவில் கல்லிலேயே இருக்கு. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசி வணிகரைப் பற்றிப் பேசுது. யானை, குதிரை கொண்டுவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மிச்சம் உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. கப்பல்கள் அடிக்கடி வராத துறைக்கு இப்படி ஒரு சட்டம் தேவைப்படுமா? அல்லைப்பிட்டியும் ஊர்காவற்றுறையும் ஒரே தீவில் இருக்கின்றன. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட அரசன் இந்தத் துறைக்கான ஆணையைத் தமிழில் எழுதுவித்தான் என்பதையும் மறக்கக்கூடாது.

இடம் இழந்த பொருள்

இப்ப ஒரு கேள்வி. அல்லைப்பிட்டி ஓடுகளில் முழுசாகத் தப்பிய ஒரு கிண்ணத்தை ஆரோ எடுத்துக் கழுவி, பழைய சாமான் வாங்குபவருக்கு வித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அது கொழும்பில் ஒரு ஷோகேசுக்குள்ள 'பழைய சீனக் கிண்ணம்' எண்டு இருந்திருக்கும். அழகாகவும் இருந்திருக்கும். ஆனா யாழ்ப்பாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிராது.

மாந்தையை நினைத்துப் பாருங்கோ. திருக்கேதீஸ்வரத்துக்குப் பக்கத்தில் 1980இல் தொடங்கிய அகழ்வு 1984இல் போரால் நின்றது. சீனத்திலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் வந்த பாத்திரங்கள் அங்கே கிடைத்தன. ஆய்வு முழு நூலாக வந்தது 2013இல். கிட்டத்தட்ட முப்பது வருசம் கழிச்சும் அதை எழுத முடிந்தது என்றால், எது எந்தக் குழியில், எந்த மண்படையில் கிடந்தது எண்டு அன்றைக்கே குறித்துவைத்ததால்தான். போர் எங்களிடமிருந்து பறித்தவற்றின் பட்டியல் நீளமானது. மிஞ்சிக் கிடப்பதை எங்கட கையாலேயே அழிக்கத் தேவையில்லை.

சட்டமும் இதைத்தான் சொல்லுது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்கள் தொல்பொருட்கள். மண்ணுக்குள் இன்னும் கண்டுபிடிக்கப்படாமல் இருப்பவை அரசுக்குரியவை. அனுமதி இல்லாமல் தோண்டுவது குற்றம். ஆகவே அம்மம்மாவின் அலுமாரியில் இருக்கிற நூறு வருசத் தேத்தண்ணிக் கோப்பையும் வளவுக்குள்ள கிடந்து எடுத்த சொங் ஓடும் சட்டத்தின் முன் ஒன்றல்ல.

அப்ப நாங்கள் என்ன செய்யலாம்? வீட்டில் இருக்கிற பழைய பாத்திரத்தை அடி, பக்கம், உள்புறம் எண்டு படம் எடுங்கோ. ஆர் வாங்கினது, எங்கயிருந்து வந்தது, இடப்பெயர்வில் ஆர் தூக்கிக்கொண்டு போனது எண்டு அம்மம்மாவையும் அப்பப்பாவையும் கேட்டு எழுதுங்கோ. கிணறு வெட்டேக்கையோ அத்திவாரம் கிண்டேக்கையோ ஓடு வந்தால், தேய்த்துக் கழுவாதேங்கோ. கிடந்த இடத்தைப் படம் எடுத்து, ஆழத்தைக் குறித்து, தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கோ. பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிக்கிற நண்பர்களுக்கும் சொல்லுங்கோ.

கடல்வழி வணிகத்தில் எங்கட கரையின் பங்கு என்ன எண்டு நாளைக்கு ஆரும் கேட்டால், பழம்பெருமை பேசி அவரை நம்பவைக்க ஏலாது. இன்ன ஊரில், இன்ன ஆழத்தில், இன்ன சூளை ஓடு கிடந்தது எண்டு காட்டவேணும். அந்த ஓடு இப்பவும் ஆரோ ஒருவரின் வளவுக்குள்ள கிடக்கலாம்.