எந்தப் போட்டி, எந்த நேரம், யாருடைய காசு: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டமும் ஈ.எஸ்.பி.என்னும்

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்தாட்டம் பார்க்கிற ஆக்களோட கொஞ்ச நேரம் கதைச்சால் ஒரு முறைப்பாடு கட்டாயம் காதில் விழும். ஈ.எஸ்.பி.என் விளையாட்டு அலைவரிசை டியூக் பல்கலைக்கழகத்தின்ர பக்கம் எண்டு. 1979 டிசம்பரில் இருந்து அந்த அலைவரிசையில் வர்ணனை செய்துவந்த டிக் வைட்டேலை ரசிகர்கள் செல்லமாக ‘டிக்கி வி’ என்பார்கள். டியூக்கைப் பிடிக்காத ஆக்கள் அதையே ‘டியூக்கி வி’ எண்டு மாத்திப்போட்டினம். இது தோத்த பக்கத்துச் சனத்தின்ர வெறும் எரிச்சலா, அல்லது உள்ளுக்குள் விசயம் இருக்கா? அதைத்தான் நாங்கள் இங்கே பார்க்க விரும்புகிறோம்.

எரிச்சலும் ஒரு காரணம்தான். 1951இல் பிரின்ஸ்ரன், டார்ட்மத் என்ற இரண்டு அமெரிக்கக் கல்லூரிகள் அமெரிக்க உதைபந்தாட்டத்தில் மோதின. மிக முரட்டுத்தனமான ஆட்டம் அது. ஹேஸ்டோர்ப், கன்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் அந்தப் போட்டியின் ஒரே படச்சுருளை இரண்டு பக்க மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, தவறுகளை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த தவறுகள் எண்டு பிரின்ஸ்ரன் மாணவர்கள் எண்ணியது, டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். படம் ஒன்று, கண்ட ஆட்டம் இரண்டு. 1954இல் வெளிவந்த இந்த ஆய்வை வைத்துப் பார்த்தால், வர்ணனையாளரின் குரலில் சாய்வு இருக்கா இல்லையா எண்டு வாதாடுவதில் முடிவு வராது. டியூக் ரசிகரும் நோர்த் கரோலினா ரசிகரும் ஒரே வர்ணனையைக் கேட்டு, இரண்டு பேரும் தங்களுக்கு அநியாயம் நடந்ததாகச் சொல்லலாம்.

ஆனால் எண்ணிப் பார்க்கக்கூடிய வேறொன்று இருக்கிறது. எந்தப் போட்டி, எந்த அலைவரிசையில், எத்தனை மணிக்கு, யாருடைய காசில் வருகிறது என்பது. எங்களுக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

ஈ.எஸ்.பி.என் 1979 செப்டெம்பர் 7ஆம் திகதி கனெக்டிகட் மாநிலத்தின் பிரிஸ்டல் என்ற சிறு நகரில் தொடங்கியது. விளையாட்டுக்கு மட்டுமான அலைவரிசை. நிரப்பவேண்டிய மணித்தியாலங்கள் ஏராளம், கையில் காசு குறைவு. அதே ஆண்டில், புரொவிடன்ஸ் கல்லூரியின் டேவ் கவிற் முன்னின்று ‘பிக் ஈஸ்ட்’ என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பை உருவாக்கினார். அவர் கணக்குத் தெரிந்த மனுசன். நியூயோர்க், பொஸ்டன், வொஷிங்டன் போன்ற பெருநகரத் தொலைக்காட்சிச் சந்தைகளுக்குள் இருந்த அணிகளைச் சேர்த்தார். கூட்டமைப்புக்குத் திரை தேவை, திரைக்கு ஆட்டம் தேவை. இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன. 1985இல் தேசியச் சுற்றின் கடைசி நான்கு அணிகளில் மூன்று பிக் ஈஸ்ட் அணிகள். இறுதியாட்டத்தில் விலனோவா 66-64 எண்டு ஜோர்ஜ்டவுனை வென்றது. ஆறு வருசத்துக்கு முதல் இந்தக் கூட்டமைப்பே இருக்கவில்லை.

அந்த உறவு முறிஞ்ச கதையும் இருக்கு. 2011இல் ஈ.எஸ்.பி.என் முன்வைத்த புதிய ஒப்பந்தத்தைப் பிக் ஈஸ்ட் ஏற்கவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் சிரகியூஸ், பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகங்கள் பிக் ஈஸ்டை விட்டு ஏ.சி.சி. கூட்டமைப்புக்குப் போவதாக அறிவித்தன. ஏ.சி.சி.யின் உரிமை ஈ.எஸ்.பி.என் வசம். என்ன செய்யவேண்டும் என்பதை ஈ.எஸ்.பி.என்தான் சொன்னது என்ற பொருளில், ஏ.சி.சி. உறுப்பினரான பொஸ்டன் கல்லூரியின் விளையாட்டு இயக்குநர் ஒரு பத்திரிகையிடம் வாய்விட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார். ஈ.எஸ்.பி.என் மறுத்தது. எது எப்படியோ, 2013இல் ஏழு கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் பிக் ஈஸ்ட் என்ற பெயரோடு பிரிந்து, ஃபொக்ஸ் நிறுவனத்தோடு 12 ஆண்டு ஒப்பந்தம் செய்தன.

அதன்பிறகு தங்கள் அணிகளைப் பற்றி ஈ.எஸ்.பி.என் கதைப்பது குறைஞ்சு போச்சு எண்டு பிக் ஈஸ்ட் ரசிகர்கள் குறைப்பட்டார்கள். அணிகள் மோசமாகிவிட்டனவா? இல்லை. 2016, 2018இல் விலனோவா, 2023, 2024இல் திரும்பி வந்து சேர்ந்த கனெக்டிகட். 2016 முதல் 2024 வரை நடந்த எட்டுத் தேசியச் சுற்றுகளில் நான்கை பிக் ஈஸ்ட் வென்றது. மாறினது ஒப்பந்தம் மட்டும்தான். ஒரே கடை சாமானையும் விக்குது, எந்தச் சாமான் நல்லது எண்டு செய்தியும் வாசிக்குது. பக்கத்துக் கடைச் சாமானைப் பற்றி அது எவ்வளவு நேரம் கதைக்கும்? இதற்குச் சதி தேவையில்லை, கெட்ட மனுசர் தேவையில்லை. வியாபாரம் போதும்.

இதற்கு ஒரு வழமையான பதில் உண்டு: சனம் பார்க்குது, அதனால் காட்டுகிறோம். இந்தப் பதிலைச் சோதிக்க மிகச் சிறந்த இடம் பெண்கள் கூடைப்பந்தாட்டம். 2021 மார்ச்சில் சான் அன்ரோனியோவில் பெண்கள் அணிகளுக்குக் கொடுத்த ‘உடற்பயிற்சி வசதி’ ஒரு சின்ன அடுக்கில் கொஞ்ச எடைகள் மட்டும். ஆண்களுக்கோ ஒரு முழு மண்டபம். ஒரு வீராங்கனை அதைப் படம்பிடித்துப் போட்டார். ஊரெல்லாம் கதைத்தது. போட்டியை நடத்தும் என்.சி.ஏ.ஏ. வெளியார் ஒருவரைக் கொண்டு விசாரணை செய்ய வேண்டியதாயிற்று. அந்த அறிக்கை சொன்னது: பெண்கள் கூடைப்பந்தையும் வேறு 28 போட்டித்தொடர்களையும் ஒரே கட்டாகக் கட்டி, ஆண்டுக்கு ஏறத்தாழ 34 மில்லியன் டொலருக்கு ஈ.எஸ்.பி.என்னுக்கு விற்றிருக்கிறார்கள். பெண்கள் கூடைப்பந்து மட்டுமே 2025இல் ஆண்டுக்கு 81 முதல் 112 மில்லியன் வரை பெறுமதியானது. ‘மார்ச் மட்னெஸ்’ என்ற பெயரைக்கூட 2022 வரை ஆண்களுக்கு மட்டுமே பாவித்தார்கள்.

1996 முதல் 2022 வரை பெண்களின் இறுதியாட்டம் ஈ.எஸ்.பி.என் கேபிளில்தான் வந்தது. 2023இல் அதை ஏ.பி.சி. என்ற பொது அலைவரிசைக்கு மாற்றினார்கள். அடுத்த வருசம் சவுத் கரோலினாவும் அயோவாவும் மோதிய ஆட்டத்தைச் சராசரியாக 18.9 மில்லியன் பேர் பார்த்தார்கள். கேபிளில் வந்த ஆண்களின் இறுதியாட்டத்தைப் பார்த்தவர்கள் 14.8 மில்லியன். அயோவாவின் கெயிட்லின் கிளார்க் என்ற ஒரு அபூர்வ வீராங்கனை இதற்குப் பெரிய காரணம், மறுக்கேல்லை. ஆனால் அவருக்கு முன்பும் அபூர்வமானவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இந்தத் திரை கிடைக்கவில்லை.

ஆகவே ‘பார்க்கிறார்கள், காட்டுகிறோம்’ என்பது பாதி உண்மை. காட்டுகிறார்கள், அதனாலும் பார்க்கிறார்கள்.

இது இப்போது வெறும் மனத்தாங்கல் இல்லை. கிளெம்சன், புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகங்களோடு இருந்த வழக்குகளை முடிக்க, 2025 மார்ச்சில் ஏ.சி.சி. ஒரு இணக்கத்துக்கு வந்தது. அதன்படி தொலைக்காட்சி வருமானத்தில் 60 சதவீதம் பார்வையாளர் எண்ணிக்கையை வைத்துப் பங்கிடப்படும். 40 சதவீதம் மட்டுமே சமமாக. நல்ல நேரத்தில், நல்ல அலைவரிசையில் போடப்படும் அணிக்குப் பார்வையாளர் கூட, பார்வையாளர் கூடினால் காசு கூட, காசு கூடினால் நல்ல வீரர்கள், நல்ல வீரர்கள் வந்தால் திரும்பவும் நல்ல நேரம். வெளியில நிக்கிற சின்னப் பல்கலைக்கழகம் இந்த வட்டத்துக்குள் எப்படி நுழையும்?

அதனால் வர்ணனையாளர் யாரைப் புகழ்ந்தார் என்பதில் நாங்கள் சண்டைபிடிக்கத் தேவையில்லை. போட்டி அட்டவணையை யார் போடுகினம், அதில் அவர்களுக்கு எவ்வளவு காசு இருக்கு எண்டு முதலில் கேட்பம்.