கிரெய்க் மேட்டில் ஆறு பேர்

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் உள்ள ஸ்பைரோ என்ற பழங்குடித் தலத்தின் பூசாரிகள் 1400-ஐ ஒட்டித் தங்கள் செல்வத்தை ஏன் கிரெய்க் மேடு என்ற ஒரே மேட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள் என்று இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அவர்கள் அடுத்த வாரம் வரை பொறுக்கட்டும். அந்த மேட்டில் கைவைத்த ஆறு பேரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

1933. பெருமந்தத்தில் வேலை இல்லை. கிழக்கு ஓக்லஹோமாவில் ஆறு பேர் சேர்ந்து ‘போகோலா மைனிங் கம்பெனி’ என்று பெயர் வைத்துக்கொண்டு கிரெய்க் மேட்டைக் குத்தகைக்கு எடுத்தார்கள். பெயர்தான் சுரங்கக் கம்பெனி, தோண்டியது இடுகாட்டை. நிலக்கரிச் சுரங்கத்தில் பழகிய ஆட்களை இறக்கி, 1935-ல் மேட்டின் நடுவயிற்றை எட்டினார்கள். விலைபோகும் என்று பட்டதை அங்கேயே விற்றார்கள். துணியும் எலும்பும் தள்ளுவண்டியில் வெளியே வந்து மண்ணோடு மண்ணாயின. சித்திரம் தீட்டிய சங்குகள் காலடியில் நொறுங்கின. குத்தகை முடிந்ததும் வெடிமருந்து வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். வயிற்றுப்பாடு என்று இவர்களுக்குப் பரிந்து பேசுகிறவர்கள் உண்டு. தோண்டியது வயிற்றுக்காக, சரி. வெடி வைத்தது எதற்காக?

நொறுங்கியது என்ன தெரியுமா? 600 கிலோமீட்டருக்கு அப்பால், மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வந்த சங்கு. நாம் வலம்புரி என்று பூஜையறையில் வைத்துக் கொண்டாடும் அபூர்வச் சுருள், அந்த இனத்தில் சர்வசாதாரணம். உள்தண்டை வெட்டியெடுத்துக் குவளையாக்கி, வெளிப்புறத்தில் கூரிய முனையால் கீறியிருக்கிறார்கள்: பருந்து வேடமிட்ட ஆட்டக்காரர், சிறகு முளைத்த பாம்பு, உள்ளங்கையில் கண். வளைந்த பரப்பு என்பதால் முழு உருவமும் ஒரே பார்வையில் சிக்காது. குவளையைத் திருப்பித் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

வாங்கியவர்கள் பல ஊர்க்காரர்கள்; ஒரே குவளையின் சில்லுகள் வெவ்வேறு கைகளுக்குப் போயின. ஹார்வர்டின் பிலிப் பிலிப்ஸும் ஜேம்ஸ் பிரவுனும் இந்தச் சில்லுகளை ஒன்றுசேர்ப்பதற்கென்றே உட்கார்ந்தார்கள். சில்லின்மேல் தாளை வைத்துத் தேய்த்துப் படியெடுத்தால் வளைவு போய்க் கோடு மட்டும் தட்டையாக விழும். அப்படிப் படிகளைப் பொருத்திப் பொருத்தி, 1975 முதல் ஆறு பாகங்களாக வெளியிட்டார்கள். கோடு போகும் போக்கை வைத்தே பிரேடன், கிரெய்க் என்று இரு பாணிகளைப் பிரித்தார்கள். என் கணக்கில் ஸ்பைரோவின் நாயகர்கள் இவர்கள்தான். உடைந்த குவளைகள் சில, இன்று முழுசாகத் தெரிவது அவர்களுடைய தாளில் மட்டுமே.