ரெண்டாவது பேட்டரி

"சேத்தியாத்தோப்புல உக்காந்துகிட்டு கடலைப் பத்தி என்னய்யா எழுதப்போற?"ன்னு கேக்காதீங்க. எங்க ஊரு அணைக்கட்டைத் தாண்டி ஓடுற வெள்ளாறு பரங்கிப்பேட்டையிலதான் கடல்ல கலக்குது. அந்த வகையில எனக்கும் கடலுக்கும் ஒரு தண்ணி உறவு உண்டு :-)

விஷயத்துக்கு வர்றேன். சிதம்பரத்துல என்கூட படிச்ச நண்பன் ஒருத்தன் முடசல்ஓடையில இருக்கான். சின்ன ஃபைபர் போட்டு வச்சிருக்கான். சில வருஷம் முன்னாடி நடந்ததை அவன் சொன்னப்ப எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

"ராத்திரி வலையைப் போட்டுட்டு இன்ஜினை நிறுத்திட்டு காத்திருந்தோம் மாப்ள. விளக்கு ரெண்டும் எரிஞ்சுகிட்டே இருந்துச்சு. விடியறதுக்கு முன்னாடி கிளம்பலாம்னு பாத்தா, டிக்குனு ஒரு சத்தம். அவ்ளோதான், செல்ஃப் எடுக்கல. சரி, வயர்லெஸ்ல யாரையாவது கூப்பிடலாம்னு பாத்தா அதுவும் செத்துப் போச்சு. எல்லாமே அந்த ஒரு பேட்டரியிலதான ஓடுது?"

விடிஞ்சப்புறம் பக்கத்துல வந்த போட்டுக்காரங்க கயிறு கட்டி இழுத்துகிட்டு வந்தாங்களாம். அன்னைக்கு காத்து இல்ல, அதனால தப்பிச்சாங்க.

இதைக் கேட்டதுல இருந்து ஒரு கேள்வி மண்டைக்குள்ள ஓடிகிட்டே இருந்துச்சு. விளக்கையும் இன்ஜினையும் ஒரே பேட்டரியில கட்டுற வழக்கம் எங்கேருந்து வந்துச்சு?

நம்ம கட்டுமரத்துக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. கட்டையும் கயிறும் பாயும் துடுப்பும்தான். வில்லியம் டாம்பியர்ங்குற ஆங்கிலேய மாலுமி 1697ல வெளியிட்ட பயணப் புத்தகத்துலயே நம்ம சோழமண்டலக் கரையோட கட்டுமரம் வந்துடுது. ஆங்கிலத்துக்கு அந்தச் சொல்லைக் கொடுத்ததும் நாமதான்.

ஈய-அமில பேட்டரியை பிரான்ஸ்ல காஸ்டோன் பிளாண்டே கண்டுபிடிச்சது 1859ல. ஆனா நம்ம கதைக்கு முக்கியமான வருஷம் 1912. அந்த வருஷம் ரெண்டு விஷயம் நடந்துச்சு.

ஒண்ணு, அமெரிக்காவுல காடிலாக் கார்ல செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்துச்சு. சார்லஸ் கெட்டரிங் உருவாக்குனது. கையால சுத்தி இன்ஜினைக் கிளப்புற தொல்லை போச்சு. இன்ஜினைக் கிளப்ப, விளக்கு எரிய, எல்லாத்துக்கும் ஒரே பேட்டரி ஏற்பாடு.

ரெண்டு, அதே வருஷம் ஏப்ரல் 15 அன்னைக்கு டைட்டானிக் மூழ்குச்சு. மூணு மாசத்துல, ஜூலை 23ஆம் தேதி, அமெரிக்கா ஒரு வயர்லெஸ் சட்டம் போட்டுச்சு. 50 பேரோ அதுக்கு மேலயோ போற கப்பல்ல வயர்லெஸ்ஸுக்குன்னு தனியா ஒரு மின்சாரம் இருக்கணும். கப்பலோட பொது மின்சாரத்தை அது நம்பி இருக்கக்கூடாது. குறைஞ்சது 4 மணி நேரம் தாங்கணும்.

கவனிச்சீங்களா? கரையில ஒண்ணா சேத்ததை, அதே வருஷத்துல கடல்ல தனியா பிரிச்சிருக்காங்க! ஆனா சட்டம் பெரிய கப்பலுக்குத்தான். சின்ன படகை யாரு கண்டுகிட்டா?

நம்ம ஊர்ல இன்ஜின் கதை தாமதமாத்தான் ஆரம்பிச்சுது. 1952 அக்டோபர்ல ஐ.நா.வும் நார்வேயும் இந்தியாவும் போட்ட ஒப்பந்தத்தால, 1953ல கொல்லம் பக்கம் நீண்டகரையில இந்தோ-நார்வே திட்டம் வந்துச்சு. விசைப்படகு பரவ அது ஒரு பெரிய தொடக்கம். சின்ன படகு விஷயத்துல, 1979ல சென்னையைத் தலைமையிடமா வச்சு ஆரம்பிச்ச வங்காள விரிகுடாத் திட்டம் கரையில ஏத்துற படகுக்கு சின்ன டீசல் இன்ஜினைப் பொருத்திப் பாத்துச்சு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் நம்ம கடலூர் கரையிலயும் கட்டுமரம் குறைஞ்சு ஃபைபர் போட்டு பெருகிடுச்சு. பின்னாலயே ஜி.பி.எஸ்., மீன் காட்டுற கருவி, வயர்லெஸ், செல்போன் சார்ஜர்னு ஒவ்வொண்ணா ஏறுச்சு. எல்லாத்தையும் கார் மாதிரி ஒரே பேட்டரியில மாட்டிட்டாங்க.

தப்பு அங்கதான். கார்ல விளக்கு எரியறப்ப பெரும்பாலும் இன்ஜின் ஓடிகிட்டு இருக்கும், பேட்டரிக்கு சார்ஜ் ஏறிகிட்டே இருக்கும். படகு இன்ஜினை நிறுத்திட்டுத்தான் விளக்கைப் போட்டு காத்துகிட்டு இருக்கும்.

கணக்கைப் பாருங்க. 55 வாட் பல்பு 12 வோல்ட்ல நாலரை ஆம்பியருக்கு மேல இழுக்கும். ரெண்டு பல்பு 6 மணி நேரம் எரிஞ்சா 55 ஆம்பியர்-மணி காலி. 75 ஆம்பியர்-மணி பேட்டரில மிச்சம் 20. செல்ஃப் மோட்டாரோ ஒரு நொடிக்கு நூத்துக்கணக்கான ஆம்பியர் கேக்கும். டிக்குனு சத்தம் வராம என்ன வரும்? எல்.இ.டி. போட்டா செலவு குறையும், உண்மைதான். ஆனா குறையுதேன்னு நாலு விளக்கு கூடப் போடுறதும் நாமதான்.

மருந்து, ரெண்டாவது பேட்டரி. ஒண்ணு இன்ஜினைக் கிளப்ப மட்டும். இன்னொண்ணு விளக்குக்கும் கருவிகளுக்கும். நெகடிவ் ரெண்டையும் சேத்துடலாம், பாசிடிவ் தனித்தனி. ஒவ்வொரு பாசிடிவ்லயும் பேட்டரிக்குப் பக்கத்துலயே ஃப்யூஸ். நடுவுல ஒரு வோல்டேஜ் ரிலே. இன்ஜின் ஓடி வோல்டேஜ் பதிமூணு சொச்சத்துக்கு ஏறுனதும் ரிலே ரெண்டையும் சேத்து சார்ஜ் ஏத்தும். இன்ஜினை நிறுத்தி வோல்டேஜ் இறங்குனா தானே பிரிச்சுடும். ரிலேக்குப் பதிலா கையால திருப்புற சுவிட்சும் போடலாம். ஆனா இன்ஜின் ஓடும்போது மறந்துபோய் ஆஃப்ல திருப்பினா ஆல்டர்னேட்டர் டையோடு போயிடும், ஜாக்கிரதை.

ரெண்டு பேட்டரி இருக்குங்குறதாலயே நிம்மதியா இருந்துடாதீங்க. பெரிய இன்ஜினுக்கு ரெண்டை வரிசையா கோத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பாங்க. அதுல ஒண்ணு இறங்குனாலும் ரெண்டுமே வீண்.

நண்பன் இப்ப ரெண்டாவது பேட்டரி போட்டுட்டான். எங்க ஊர்ல டிராக்டர் பேட்டரிக்கு சார்ஜ் போடுற கடைக்காரர்தான் வயர் ஓட்டிக் கொடுத்தாரு. வேலை முடிஞ்சதும் செல்ஃப் பேட்டரி மேல பெயிண்டால "வீடு"ன்னு எழுதிட்டான் பய. "இதுலேருந்து எவனும் செல்போன் சார்ஜ் போடக்கூடாது"ன்னு கூட வர்ற பசங்களுக்கு கண்டிப்பான உத்தரவாம்.

2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் வந்தப்ப, கடலுக்குள்ள இருந்த குமரி, கேரள மீனவர்கள் பல பேரு திரும்பவே இல்ல. கரையோட பேச முடியறதும், இன்ஜின் எடுக்கறதும் உயிர் சமாச்சாரம். 1912லயே பெரிய கப்பலுக்கு எழுதிவச்ச பாடம் முடசல்ஓடைக்கு வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல ஆயிருக்கு.

டிஸ்கி: உப்புக்காத்துல டெர்மினல் பச்சையா பூத்துடும். துடைச்சு வாசலின் தடவி வைங்க. படகு வச்சிருக்குற சொந்தக்காரங்க இருந்தா இதையும் சேத்துச் சொல்லுங்க.