துயரக் குழியில் வீசிய காற்று

ஒரு குழி. ஆழம் 90 அடி. கயிறு கட்டி உள்ளே இறங்கினால் 400 அடி நீளத்துக்கு வறண்ட பாதை. அதற்கு மேல் வழி கிடையாது. அதன் பெயரே 'மிசரி ஹோல்', அதாவது துயரக் குழி! அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், கார்ல்ஸ்பாட் குகைகள் தேசியப் பூங்காவின் ஒதுக்குப்புறத்தில் இருக்கும் லெச்சுகியா குகையைப் பற்றி 1986 வரை எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். (லெச்சுகியா என்பது அந்த வறண்ட நிலத்தில் வளரும், கற்றாழை மாதிரியான ஒரு முட்செடியின் பெயர்.)

இந்தக் குழிக்குள் முதலில் இறங்கிப் பார்த்தது வியாபாரம். வௌவால் எச்சம் நல்ல உரம், விலை போகும். 1914ல் அதைத் தோண்டி எடுக்க உரிமை பதிவு செய்தார்கள். ஒரு வருடம் வேலை நடந்தது. கிடைத்தது கொஞ்சம்தான். அதோடு சரி, அப்புறம் அந்தப் பக்கம் போனவர்களே குறைவு.

1950களில் அங்கே போன குகை ஆர்வலர்கள் சிலர் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். குழியின் அடியில் கற்களும் மண்ணும் அடைத்துக் கிடந்த இடத்திலிருந்து காற்று இரைச்சலோடு வந்துகொண்டிருந்தது. மூடிக் கிடக்கும் தரைக்குள்ளிருந்து எப்படிக் காற்று வரும்?

காரணம் எளிமையானதுதான். வெளியே காற்றழுத்தம் குறைந்தால் குகைக்குள் இருக்கும் காற்று வெளியே பாயும். வெளியே அழுத்தம் கூடினால் காற்று உள்ளே போகும். குகை மூச்சு விடுகிறது என்று சொல்வார்கள். சின்னப் பொந்தாக இருந்தால் இந்த மூச்சு வெளியே தெரியாது. இரைச்சல் கேட்கும் அளவுக்குக் காற்று வருகிறதென்றால், உள்ளே இருக்கும் வெற்றிடம் மிகப் பெரியதாக இருக்க வேண்டும். அந்தக் கல் குவியலுக்குக் கீழே ஏதோ இருக்கிறது என்று வேறு வேறு ஆட்கள் வேறு வேறு சமயங்களில் முடிவுக்கு வந்தார்கள். ஆனால் வழி மட்டும் தெரியவில்லை.

1984ல் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த ஆர்வலர்கள் சிலர் தேசியப் பூங்கா நிர்வாகத்திடம் அனுமதி வாங்கித் தோண்ட ஆரம்பித்தார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்து வர வேண்டும். குழிக்குள் இறங்க வேண்டும், தோண்ட வேண்டும், மறுபடி கயிற்றில் ஏறி வெளியே வர வேண்டும். குகை தோண்டுவது என்பது பார்க்க அழகான வேலை அல்ல. இடம் குறுகலாக இருந்தால் ஒரு சமயத்தில் ஒருவர்தான் தோண்ட முடியும். மற்றவர்கள் பின்னால் இருந்துகொண்டு மண்ணையும் கல்லையும் வாங்கி அப்புறப்படுத்த வேண்டும். அசைத்த கல்லுக்கு மேலே இருப்பது எப்போது சரியும் என்று தெரியாது. இத்தனைக்கும் அவர்களிடம் இருந்த ஒரே ஆதாரம் முகத்தில் அடித்த காற்றுதான்.

1986 மே 26. அமெரிக்காவில் போர் வீரர்கள் நினைவு நாள், விடுமுறை. அன்றுதான் அடைப்பு திறந்தது. அந்தப் பக்கம் குனியாமல் நிமிர்ந்தே நடக்கக்கூடிய பெரிய பாதைகள்!

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். முட்டுச்சந்து என்று நினைத்த குகையில் இதுவரை 240 கிலோமீட்டருக்கும் மேல் அளந்து வரைபடம் போட்டிருக்கிறார்கள். ஆழம் 1,604 அடி. கூரையிலிருந்து 20 அடி நீளத்துக்குத் தொங்கும் ஜிப்சம் சரவிளக்குகள், மஞ்சள் கந்தகப் படிவுகள், குகை முத்துகள்... 2006ல் வந்த பிபிசியின் 'பிளானட் எர்த்' தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சரவிளக்குகள் நினைவிருக்கலாம்.

சுண்ணாம்புக்கல் குகைகளில் பெரும்பாலானவை மேலிருந்து இறங்கும் மழைநீர் கரைத்து உண்டானவை. லெச்சுகியா கீழிருந்து உண்டானது. ஆழத்தில் இருந்த எண்ணெய், எரிவாயுப் படிவுகளிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு (அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அதே வாயு) மேலே வந்து, நிலத்தடி நீரில் இருந்த ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக அமிலமாக மாறிப் பாறையை அரித்தது. அந்த அரிப்பில் மிஞ்சியதுதான் ஜிப்சம்.

குகை திறந்ததும் தொல்லைகளும் வந்தன. 1991ல் ஆழத்தில் அளவெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கால் முறிந்தது. அவரை வெளியே கொண்டுவர நான்கு நாட்கள் ஆயின. இன்னொரு பக்கம், பூங்கா எல்லைக்கு அருகில் எண்ணெய், எரிவாயுவுக்காகத் துளையிட முயற்சி நடந்தது. குகையை உருவாக்கிய அதே எண்ணெயும் வாயுவும் இப்போது குகைக்கே ஆபத்தாக வந்து நின்றன. 1993ல் அமெரிக்க நாடாளுமன்றம் லெச்சுகியாவுக்கென்றே ஒரு பாதுகாப்புச் சட்டம் போட்டு, சுற்றியுள்ள நிலத்தில் புதிதாகச் சுரங்க, எண்ணெய் உரிமைகள் கொடுப்பதைத் தடுத்தது.

2012ல் இன்னொரு செய்தி வந்தது. குகையின் உள்பகுதியில், 40 லட்சம் ஆண்டுகளாக மேலுலகத் தொடர்பே இல்லாமல் இருந்த பாக்டீரியாக்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் சில 14 ஆன்டிபயாடிக்குகளைத் தாங்கி நின்றன! மனிதன் கொடுத்த மருந்தை அவை பார்த்ததே இல்லை. அப்படியானால் மருந்துக்கு அடங்காத தன்மை மருத்துவமனைகளில் மட்டும் பிறந்தது அல்ல, மனிதனுக்கு முன்பே இயற்கையில் இருந்தது என்று புரிந்தது. அதே மருத்துவமனைகளில் நோயாளிகள் உயிரோடு போராடும் காலத்தில் இது சின்ன விஷயமா?

1914ல் வந்தவர்கள் எதை எடுத்து விற்கலாம் என்று பார்த்தார்கள். ஒரு வருடத்தில் கணக்கு முடிந்துவிட்டது. 1984ல் வந்தவர்கள் காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்கள். வரவு என்று எழுத அவர்களுக்கு ஒரு டாலர் கூட இல்லை. செலவு முழுக்கச் சொந்தக் காசு, சொந்த விடுமுறை. ஆனால் குழி ஒன்றுதான்.

இன்று லெச்சுகியா சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்படவில்லை. அனுமதி பெற்ற ஆராய்ச்சியாளர்களும், அளவெடுக்கும் குழுக்களும், பூங்கா நிர்வாகத்தினரும் மட்டுமே உள்ளே போகலாம். கையால் தோண்டித் திறந்த வழிக்கு இப்போது கதவு போட்டிருக்கிறார்கள். அந்த வரைபடத்தில் இன்னும் முடியாத பாதைகள் இருக்கின்றன. அவற்றை அளக்கப் போகிறவர்களில் பலர் இன்றைக்கும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்தான்.