நிக்கோடிமஸ்: புல்வெளியில் எழுந்த விடுதலை ஊர்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுப்பகுதியில் உள்ள கான்சஸ் மாநிலத்தில், கிரகாம் மாவட்டத்தில், சாலமன் ஆற்றின் தென்கிளைக்கு வடபால் நிக்கோடிமஸ் என்னும் சிற்றூர் இருக்கிறது. காரில் செல்வோர் கண்மூடித் திறப்பதற்குள் அதனைக் கடந்து விடுவர். பழைய கட்டடங்கள் ஐந்து, சில வீடுகள், சுற்றிலும் கோதுமை விளையும் நிலம், மேலே அகன்ற வானம், அவ்வளவே. ஆயினும், அடிமைத்தளையினின்றும் விடுபட்ட கறுப்பின மக்கள் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே தமக்கென்று அமைத்துக்கொண்ட ஊர்களுள் இன்றளவும் எஞ்சி நிற்கும் மிகப் பழைய ஊர் என இது போற்றப்படுகிறது.

இதன் வரலாற்றைக் கெண்டக்கி மாநிலத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். 1863-ஆம் ஆண்டில் லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் எல்லா அடிமைகளையும் விடுவித்தது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. கிளர்ச்சி செய்த மாநிலங்களுக்கே அது பொருந்தும். கெண்டக்கி ஒன்றியத்தை விட்டுப் பிரியாத மாநிலமாதலால், அங்கிருந்த அடிமைகள் அரசியல் சட்டத்தின் 13-ஆம் திருத்தம் நடைமுறைக்கு வந்த 1865 டிசம்பர் வரை அடிமைகளாகவே இருந்தனர். பிறகு விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. நேற்று அடிமையாக உழுத வயலிலேயே இன்று கூலிக்கும் வாரத்துக்கும் உழுதனர். இரவில் முகமூடி அணிந்து வந்து தாக்குவோரின் கொடுமையும் இருந்தது. சொந்த நிலம் இல்லாதவனுக்கு விடுதலை பாதிதான் என்பதை அவர்கள் எந்த நூலையும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

1862-ஆம் ஆண்டின் குடியிருப்பு நிலச் சட்டம் அவர்களுக்கு ஒரு வழியைக் காட்டியது. அரசுக்குரிய நிலத்தில் 160 ஏக்கர் வரை எடுத்துக்கொண்டு, ஐந்தாண்டுகள் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால், சிறு கட்டணத்துடன் நிலம் சொந்தமாகும். 1877 ஏப்ரலில் நிக்கோடிமஸ் ஊர்க் கழகம் அமைக்கப்பட்டது. டபிள்யூ. ஆர். ஹில் என்னும் வெள்ளையர் அதன் பொருளாளர்; டபிள்யூ. எச். ஸ்மித் என்னும் கறுப்பினப் பாதிரியார் தலைவர். ஹில்லின் நோக்கம் மனை விற்று இலாபம் பெறுவது. ஏனையோரின் நோக்கம் வேறு. இரண்டு நோக்கங்களும் ஒரே விளம்பரத்தாளில் அச்சாயின.

அவ்வாண்டு லெக்சிங்டன் நகரில் வெளியான துண்டறிக்கை ஒன்று இன்றும் இருக்கிறது. செப்டம்பர் 5-ஆம் நாள் கான்சஸ் செல்ல விரும்பும் கறுப்பின மக்கள் 5 டாலர் செலுத்திப் போகலாம் என்கிறது அது. குடியேற்றக் குழுவில் உறுப்பினராவதற்கு ஒரு டாலர். அந்த ஒரு டாலரையும் 25 காசு வீதம் தவணையாகச் செலுத்தலாம். அந்தத் தவணை விவரம் ஒன்றே அம்மக்களின் கைப்பொருள் நிலையை நமக்கு உரைக்கப் போதும்.

1877 கோடையில் டொப்பேக்கா நகரிலிருந்து சுமார் 30 பேர் வந்தனர். செப்டம்பரில் கெண்டக்கியிலிருந்து முந்நூறுக்கு மேற்பட்டோர் இரயிலில் எல்லிஸ் என்னும் நிலையத்தில் வந்திறங்கினர். அங்கிருந்து ஊர் சுமார் 35 மைல். மூட்டை முடிச்சுகளுடனும் குழந்தைகளுடனும் நடந்தே சென்றனர். மரங்கள் நிறைந்த கெண்டக்கியில் பிறந்தவர்களுக்கு மரமே இல்லாத அந்தப் புல்வெளி எத்தகைய அதிர்ச்சியை அளித்திருக்கும்! மறு ஆண்டு வந்த வில்லியானா ஹிக்மன் என்னும் பாதிரியாரின் மனைவி, ஊர் எங்கே என்று கேட்டதும் ஆடவர் தரையிலிருந்து எழும் புகையைச் சுட்டிக் காட்டியதாகவும், அதைக் கண்டு தாம் அழுததாகவும் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். மக்கள் நிலத்தைக் குடைந்து அதனுள் வாழ்ந்து கொண்டிருந்தனர். புகை அவர்களுடைய அடுப்புப் புகை. முதற் கூட்டத்தாருள் பல குடும்பங்கள் திரும்பிப் போயின. ஏமாற்றப்பட்டோம் என்று சினந்தவர்கள் ஹில்லைத் தேட, அவர் வைக்கோல் வண்டியில் ஒளிந்து தப்பினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

அந்தக் குழி வீட்டைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். மேட்டின் சரிவைக் குடைந்து ஓர் அறை செய்வர். கம்புகளைக் குறுக்கே பரப்பி, மேலே புதரும் புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டியும் அடுக்கினால் கூரை. உட்பக்கச் சுவரில் அடுப்பு. எரிக்க மரமில்லை, சூரியகாந்தித் தண்டும் காய்ந்த எருமைச் சாணமுமே விறகு. இத்தகைய குழி ஒன்றில்தான் ஊரின் முதற் குழந்தையாகிய ஹென்றி வில்லியம்ஸ் பிறந்தான்.

செப்டம்பர் மாதம் விதைப்பதற்குரிய காலம் கடந்த மாதம். கையில் உணவில்லை; ஏர் இல்லை; குதிரைகளை விரல்விட்டு எண்ணலாம். வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் என்னும் செவ்விந்தியப் பழங்குடியினர் தம் இறைச்சியில் ஒரு பங்கைக் கொடுத்துச் சென்றதால் முதற் பனிக்காலம் கழிந்தது என்று ஊரார் நன்றியுடன் சொல்லி வந்திருக்கின்றனர். அரசாங்கம் அந்த நிலத்தைப் பழங்குடியினரிடமிருந்து பறித்துத்தான் குடியேறுவோருக்கு வழங்கியது என்பதை எண்ணும்போது, அந்த ஈகையின் பெருமை இன்னும் மிகுதியாகிறது. ஆடவர் இரயில் பாதை வேலைக்கும் தொலைவிலுள்ள பண்ணைகளுக்கும் சென்றனர். வீட்டில் இருந்தோர் மண்வெட்டியால் நிலத்தைக் கொத்தினர். வெளியிலிருந்து நன்கொடை கேட்டு வாங்கவும் நேர்ந்தது. ஆனால் 1879-இல் இனி உதவி கேட்பதில்லை என்று ஊரார் முடிவு செய்தனர். வயிறு நிறைந்தபின் செய்த முடிவன்று அது.

பசியின் நடுவே அவர்கள் மறவாத ஒன்று பள்ளிக்கூடம். ஸ்மித்தின் மகள் ஜென்னி ஃபிளெச்சர் ஊரின் முதல் ஆசிரியை. குழி வீட்டிலேயே வகுப்பு நடந்தது. கிரகாம் மாவட்டத்தின் பள்ளி வட்டங்களுள் முதல் எண் நிக்கோடிமசுக்கே உரியது. தெற்கின் அடிமைச் சட்டங்கள் பல, எழுத்தறிவித்தலைக் குற்றமாக்கி வைத்திருந்தன. அந்நாளைக் கண்டவர்கள், கூரை வீடு கட்டுமுன் பிள்ளைகளைப் பலகையின் முன் உட்கார வைத்தார்கள். ஆசிரியத் தொழிலில் நரைத்தவனாகிய எனக்கு, இவ்வூர் வரலாற்றில் இதைக் காட்டிலும் பெரிய செய்தி தென்படவில்லை.

1880-களில் ஊர் தளிர்த்தது. சுண்ணக்கல்லால் விடுதி எழுந்தது. கடைகள், தேவாலயங்கள், வங்கி, பேஸ்பால் குழு, இரண்டு செய்தித்தாள்கள் என வளர்ந்தது. இங்கு குடியேறிய எட்வர்டு மெக்கேப் 1882-இல் மாநிலக் கணக்காய்வாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கான்சஸ் முழுவதற்குமான பதவியொன்றுக்குத் தேர்தலில் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

அக்காலப் புல்வெளியில் ஓர் ஊருக்கு இரயில் பாதையே உயிர்நாடி. கோதுமையை வண்டியில் ஏற்றி நெடுந்தூரம் கொண்டு சென்றால் விலையில் பாதி வழியிலேயே போய்விடும். 1887-இல் மிசூரி பசிபிக் கம்பெனியை ஈர்க்க 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட ஊரார் வாக்களித்தனர். பத்தாண்டுகளுக்கு முன் 25 காசுத் தவணையில் புறப்பட்டவர்கள்! பாதை வரவில்லை. மறு ஆண்டு யூனியன் பசிபிக் கம்பெனி தன் பாதையை ஆற்றின் தென்புறமாகப் போட்டது. சில மைல் தொலைவில் அதன் தொழிலாளர் தங்கிய முகாம் போக் என்னும் ஊராயிற்று. நிக்கோடிமஸ் வணிகர் தம் கடைகளைப் பெயர்த்துக்கொண்டு ஆற்றைக் கடந்தனர்.

நிறவெறியே இதற்குக் காரணம் என்பாருண்டு. அது இல்லையென்று நான் வாதிடேன். ஆனால் வெள்ளையர் ஊர்கள் பலவும் அவ்வாறே இரயில் கம்பெனிகளால் கைவிடப்பட்டு மறைந்தன. வேறுபாடு அதற்குப் பின் நடந்ததில் இருக்கிறது. மற்ற ஊர்கள் பெயரும் இன்றி அழிந்தன. நிக்கோடிமசில் கடைக்காரர் போயினர், உழவர் போகவில்லை. அவர்கள் கடைத்தெருவுக்காக வந்தவர்கள் அல்லர், 160 ஏக்கருக்காக வந்தவர்கள். ஆகையால் 1888-ஐ இவ்வூரின் முடிவாண்டாகக் கொள்வது பொருந்தாது. உண்மையான பேரிடி 1930-களில் விழுந்தது. பொருளாதார மந்தமும் வறட்சியும் புழுதிப் புயலும் சேர்ந்து தாக்கின. 1935-இல் ஊரில் எஞ்சியவர் 76 பேர். 1953-இல் அஞ்சலகம் மூடப்பட்டது.

1976-இல் இவ்வூர் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1996-இல் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் வரலாற்றுத் தலமாயிற்று. 1885-ஐச் சேர்ந்த தேவாலயமும், 1918-இல் கட்டிய பள்ளிக்கூடமும், 1939-இல் எழுந்த ஊர் மன்றமும் காக்கப்பட்டு வருகின்றன.

ஊரின் திருநாள் ஆகஸ்டு முதல் நாளையொட்டி வருவது. 1834-இல் பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்த நாள் அது. (அச்சட்டம் அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இருந்த பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூருக்குப் பொருந்தவில்லை என்பது தனிக்கதை.) தமக்கு விடுதலை கிட்டுமுன்பே அமெரிக்கக் கறுப்பின மக்கள் அந்நாளைக் கொண்டாடத் தொடங்கிவிட்டனர், நிக்கோடிமஸ் மக்கள் அதனைத் தம்முடன் கொணர்ந்தனர். இப்போது சூலை இறுதியில் அவ்விழா நடைபெறுகிறது. கலிபோர்னியாவிலிருந்தும் டென்வரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகின்றனர். ஊரில் நிலையாக வாழ்வோர் மிகச் சிலரே. அந்த மூன்று நான்கு நாட்களில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் கூடி ஊர்வலம் செல்கின்றனர்.