கொட்டகையில் வளர்ந்த சண்டைப்பட ரசனை

கடப்பாக்கத்தை ஒத்த தமிழகச் சிற்றூர்களுக்குச் சண்டைப் படங்களைக் கொண்டுசேர்த்ததில் டூரிங் டாக்கீஸ் எனப்பட்ட கீற்றுக் கொட்டகைகளின் பங்கு பெரிது. ஒரே புரொஜெக்டர் கொண்டு இயங்கியதால் அங்கே படச்சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை விடப்பட்டது. மணல்தரையில் அமர்ந்திருந்த ரசிகர்கள், 'சர்வாதிகாரி' (1951) படத்தில் எம்.ஜி.ஆரும் நம்பியாரும் மோதிய வாட்போரையும், 'பெரிய இடத்துப் பெண்' (1963) காட்டிய சிலம்பத்தையும், அதாவது கழியைச் சுழற்றிப் பொருதும் மரபுக்கலையையும், அலசுவதற்கு அவ்விடைவேளைகள் வாய்ப்பளித்தன. சிலம்பம் ஊர்களிலேயே பயிலப்பட்ட கலையாதலால், அப்பேச்சை வெறும் வியப்பாகக் கருதாமல் கலையறிந்தோரின் மதிப்பீடாகவே கொள்ள வேண்டும். புரூஸ் லீ நடித்து 1973இல் வெளியான 'என்டர் தி டிராகன்' வந்தபின் குங்ஃபூவும் அவ்வுரையாடலில் இடம்பெற்றது. 'ஏழாம் அறிவு' (2011), மரபுவழிச் செய்தியொன்றைப் பின்பற்றிப் சீனத்தில் குங்ஃபூவைக் கற்பித்தவராகச் சொல்லப்படும் போதிதருமரைக் காஞ்சிப் பல்லவ இளவரசராகக் காட்டி, அக்கலையின் வேரையே தொண்டை நாட்டில் தேடியது.