மறுவாழ்வுக் கருவியை எங்கே அளப்பது?

உணர்விழந்த கைகால்களுக்குச் செயற்கையாக வலியை உண்டாக்கித் தர முடியுமா? இந்தக் கேள்வியோடு அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் சில ஆண்டுகள் போராடினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்திக் காட்டியவர் அவர். 1966இல் கார்விலுக்குச் சென்றபின் பொறியாளர்களைச் சேர்த்துக்கொண்டு கையுறையிலும் காலுறையிலும் அழுத்த உணரிகளைப் பதித்தார். அழுத்தம் மிகும்போது காதில் ஒலி எழும். நோயாளிகள் அந்த ஒலியைப் பொருட்படுத்தவில்லை. உடலில் உணர்வுள்ள இடத்தில் மின்னதிர்ச்சி தந்து பார்த்தார்கள். கைவேலையை முடிக்கவேண்டி நோயாளிகள் இணைப்பைத் துண்டித்தார்கள். முடிந்ததும் திரும்ப மாட்டிக்கொண்டார்கள். உணரிகளோ விலை கூடியவை, அடிக்கடி பழுதாகுபவை. முயற்சி கைவிடப்பட்டது.

பிராண்டும் அவருடைய குழுவினரும் அதற்கு முன்பே வேலூரில் உருவாக்கிய எளிய பொருள் ஒன்று நிலைத்து நின்றது. எம்.சி.ஆர். செருப்பு என்று தொழுநோய்ப் பணியாளர்கள் சொல்வது அதைத்தான். உள்ளடியில் நுண்ணறை ரப்பர் (எம்.சி.ஆர்.), வெளியடியில் தேய்மானம் தாங்கும் கடினமான ரப்பர். உணர்வற்ற பாதத்தில் புண் வருவது ஒரே பெரிய அடியால் மட்டுமல்ல. மிதமான அழுத்தம் ஒரே புள்ளியில் ஆயிரக்கணக்கான முறை விழுவதாலும் வருகிறது. மெத்தென்ற ரப்பர் அந்தச் சுமையைப் பாதம் முழுதும் பரப்பிவிடும். செருப்புத் தைக்கத் தெரிந்தவர் அதைச் செய்யலாம், பிய்ந்தால் உள்ளூரிலேயே தைக்கலாம். ஆனால் அதற்கும் ஒரு கேடு நேர்ந்தது. தொழுநோயாளிகள் மட்டுமே அணிந்ததால் அதைக் கண்டதும் ஊரார் நோயை அடையாளம் கண்டுகொண்டார்கள். அதற்கு அஞ்சிப் பலர் அணியாமல் விட்டார்கள். பின்னர் எல்லாரும் அணியும் செருப்பின் தோற்றத்தில் அதைச் செய்ய வேண்டியதாயிற்று.

இந்த இரண்டையும் அருகருகே வைப்பது எளிய பொருளை உயர்த்திப் புதிய தொழில்நுட்பத்தைத் தாழ்த்துவதற்காக அன்று. மறுவாழ்வு மருத்துவத்தில் ஒரு கருவியின் மதிப்பை மருத்துவமனைக்குள் அளக்க முடியாது என்பதே என் வாதம். நோயாளி அதைத் தன் வீட்டில், தன் மண்ணில், தன் விருப்பத்தோடு பயன்படுத்துகிறாரா என்பதே அளவு. கருவிகளுக்கான பொதுப்பணம் செலவாகும் முறையில் இந்த அளவுக்கு இன்னும் உரிய இடம் இல்லை.

பக்கவாதச் சிகிச்சைக்கான ரோபோக்களை எடுத்துக்கொள்வோம். அவற்றின் பின்னுள்ள சிந்தனை சரியானது. மூளை புதிய பாதைகளை வகுத்துக்கொள்ளப் பல நூறு முறை ஒரே அசைவைச் செய்ய வேண்டும். ஆனால் வழக்கமான பயிற்சி அமர்வுகளைக் கவனித்த ஓர் ஆய்வு, ஒரு நோயாளி பாதித்த கையால் செய்த பயனுள்ள அசைவுகள் அமர்வுக்குச் சராசரியாக 32தான் என்று 2009இல் கண்டது. எந்திரம் களைப்பில்லாமல் அதைப் பன்மடங்காக்கும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. அதைச் சோதிக்கப் பிரிட்டனில் 770 நோயாளிகளைக் கொண்டு பெரிய ஆய்வொன்று நடந்தது. 2019இல் வெளிவந்த அதன் முடிவு, வழக்கமான கவனிப்பைவிட ரோபோப் பயிற்சி கையின் செயல்திறனைக் கூடுதலாக மீட்கவில்லை என்பது. நடைப் பயிற்சியிலும் ஏறத்தாழ இதே நிலைதான். உடல் எடையைத் தாங்கும் பட்டைகளோடு டிரெட்மில்லில் நடக்கவைத்தவர்களையும், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து தசை வலிமைக்கும் சமநிலைக்கும் பயிற்சி தந்தவர்களையும் அமெரிக்க ஆய்வொன்று ஒப்பிட்டது. மொத்தம் 408 பேர். ஓராண்டு முடிவில் இரு சாராரும் சம அளவில் முன்னேறியிருந்தார்கள் என்று 2011இல் அறிவிக்கப்பட்டது.

காரணங்களில் ஒன்றைத் தேடினால் பிராண்டின் அனுபவத்துக்கே வந்து சேர்கிறோம்: நோயாளியின் பங்கு இல்லாமல் கருவி மட்டும் பலன் தராது. வகுத்த பாதையில் எந்திரம் காலைத் தூக்கி வைக்கும்போது நோயாளியின் சொந்த முயற்சி குறைந்துவிடுகிறது. கால் அசைகிறது, கற்றுக்கொள்வதில்லை. தேவைப்படும் இடத்தில் மட்டும் உதவும்படி பிற்கால ரோபோக்களைத் திருத்தியது இதனால்தான்.

எதிர்வாதங்களையும் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்த முதல் 3 மாதங்களில், தாமாக நடக்கவே முடியாதவர்களுக்கு, வழக்கமான பயிற்சியோடு நடை எந்திரத்தையும் சேர்த்தால் தனியே நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதற்குத் தொகுப்பாய்வுகளில் சான்று உண்டு. சிகிச்சையாளர் பற்றாக்குறையும் உண்மைதான். ஆனால் பெரிய எந்திரத்தில் நோயாளியைப் பட்டைகட்டி ஏற்றவும் இறக்கவும் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். அந்த நேரமும் சிகிச்சையாளரின் நேரமே. இந்த இடத்தில்தான் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து வடிவமைத்த புளூட்டோ என்ற கைப்பயிற்சிக் கருவி எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒற்றை மோட்டாரில் இயங்கும் அதில், மணிக்கட்டு, முன்கை, விரல்கள் என ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு பிடியைக் கழற்றி மற்றொன்றை மாட்டலாம். மேசைமேல் அடங்கும், வீட்டுக்கும் கொண்டுபோகலாம். ரோபோவை நோயாளியிடம் கொண்டுசேர்க்கும் எண்ணம் அதன் வடிவிலேயே இருக்கிறது.

ரோபோவைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், சக்கர நாற்காலியைப் பற்றிப் பேசுவதில்லை. தண்டுவடம் முறிந்தவருக்கு உயிருக்கே ஆபத்தாகக்கூடியவற்றுள் ஒன்று அழுத்தப் புண். உட்காரும்போது இடுப்பெலும்பின் இரு முனைகளும் தோலை நசுக்குகின்றன. ரத்தம் பாய்வது தடைபடுகிறது, உணர்வில்லாததால் அவர் அசைந்து கொடுப்பதில்லை. தாங்கும் மெத்தையும், உடலுக்கேற்ற இருக்கை அகலமும், குறித்த நேரத்துக்கொரு முறை உடலைச் சாய்த்து அழுத்தம் நீக்கும் பழக்கமும் அவரைக் காக்கின்றன. முகாமில் வரிசையாக நிறுத்தி ஒரே அளவு நாற்காலியை எல்லாருக்கும் கொடுத்தனுப்புவது உதவி போலத் தோன்றும். அகலமான இருக்கையில் ஒருபுறமாகச் சரிந்து உட்காரும் சிறுவனின் முதுகெலும்பு வளைந்துபோகலாம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டி, நாற்காலி வழங்குவதை 8 படிகளாக வகுத்தது. மதிப்பீடு, பரிந்துரை, பொருத்திப் பார்த்தல், பயன்படுத்தக் கற்பித்தல், பழுதுபார்ப்பு எல்லாம் அதில் உண்டு. பல இடங்களில் அவற்றுள் ஒன்றிரண்டோடு வேலை முடிந்துவிடுகிறது என்பது வருந்தத்தக்க உண்மை.

மண்ணை அறிந்து செய்த கருவி எப்படி இருக்கும் என்பதற்கு ஜெய்ப்பூர் கால் பழைய சான்று. மேல்நாட்டுச் செயற்கைப் பாதம் காலணிக்குள் இருப்பதற்கென்றே செய்யப்பட்டது. குந்தி உட்காரவும், வெறுங்காலோடு சேற்றில் இறங்கவும் அது உதவாது. 1960களின் இறுதியில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் ரப்பரால் செய்த பாதம் அந்தக் குறையைத் தீர்த்தது. போரில் கால் இழந்தவர்களுக்கு யாழ்ப்பாணத்திலும் அது பயன்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான மையம் 2022இல் வெளியிட்ட ‘கதம்’ செயற்கை முழங்கால் 160 டிகிரிவரை மடங்கும். பேருந்தின் நெருக்கமான இருக்கையிலும் ஆட்டோவிலும் உட்கார அந்த மடிப்பு வேண்டும்.

வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை நிறுவிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் விபத்தில் தண்டுவடம் முறிந்து சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தவர். 1966இல் பாகாயத்தில் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்தில், வீடு திரும்பிய நோயாளிகளை ஆண்டுதோறும் மீண்டும் அழைத்துப் பரிசோதித்து, கூடி மகிழ்ந்து அனுப்பும் மேளா வழக்கமாயிற்று. யாருக்குப் புண் வந்தது, எந்த நாற்காலியின் சக்கரம் உடைந்தது என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

அரசு மருத்துவமனைகளின் கொள்முதல் ஆவணத்தில் இத்தகைய பின்தொடர்தலுக்கு இடம் வேண்டும். கருவியின் விலையோடு, பொருத்துபவருக்கும் கற்பிப்பவருக்கும் ஆகும் சம்பளம், உதிரி பாகங்கள், நோயாளியின் மாவட்டத்திலேயே பழுதுபார்க்கும் வசதி ஆகியவற்றையும் ஒரே மதிப்பீட்டில் கேட்க வேண்டும். கருவி பெற்றவர்களை ஓராண்டு கழித்துக் கிராமச் செவிலியர் வழியாகவோ தொலைபேசியிலோ விசாரித்து, எத்தனை பேர் அதை இன்னும் பயன்படுத்துகிறார்கள், விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்று பதிவு செய்வது பெரும் செலவில்லாத வேலை. அடுத்த டெண்டரில் எதை வாங்குவது என்று முடிவு செய்யும் குழுவின் முன் அந்தப் பதிவேடு இருக்க வேண்டும். அந்தக் குழுவில் சக்கர நாற்காலியிலும் செயற்கைக் காலிலும் வாழ்பவர்கள் உறுப்பினர்களாக இருக்க வேண்டும்.